கறுப்புப் பிசின்

செங்குடைமலை விதானக் கோபுரம்
6 மார்ச் 2091, காலை 7:20
வழக்கமான பதிவு

வெப்பம் 24. ஈரப்பதம் 81. மழை இல்லை. கிழக்குக் காற்று, மெதுவாக. சூரியத் தகடு ஒன்றின் மேல் குரங்கு எச்சம், துடைத்தாயிற்று.

இதைப் பின்னால் எடுத்துப் படிக்கப்போகிறவருக்காக: என் பெயர் தவமலர். தாவர வகைப்பாடு என் துறை. மர உச்சிகளின் உயரத்தில் கட்டியிருக்கும் இந்தக் கோபுரத்தில் பதினோரு வருடமாக இருக்கிறேன். கூட இருப்பவர் என் கணவர் ஆவுடையப்பன். ஏறுவது அவர் வேலை, எழுதுவது என் வேலை.

நாங்கள் கவனிப்பது இரண்டு வகை மரங்களை. தூரத்தில் நின்று பார்த்தால் இரண்டும் உடன்பிறந்தவை மாதிரி இருக்கும்.

வெண்கொங்கு. வெளிறிய பட்டை. பிசின் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். காய்க்கு இரண்டு இறக்கைகள் உண்டு. நல்ல காற்றடித்தால் ஒரு சரிவையே தாண்டிப் போய் விழும். நெடுமரம் நிறுவனம் கீழ்ச் சரிவுகள் முழுக்க இதைத்தான் நட்டிருக்கிறது. ஏறக்குறைய எண்பது லட்சம் மரங்கள். நிலை: ஆபத்தில்லை.

கருங்கொங்கு. கறுத்த பட்டை, நீள நீளமாக உரியும். பிசினும் கறுப்பு. காய்க்கு இறக்கை கிடையாது. தாய் மரத்தின் காலடியிலேயே விழும், பாதியைப் பன்றி தின்றுவிடும். எட்டு ஒன்பது வருடத்துக்கு ஒருமுறைதான் காய்க்கும். இந்த மலையை விட்டால் வேறெங்கும் இல்லை. வளர்ந்த மரங்கள் 312. நிலை: அழிவின் விளிம்பு.

இன்று 47ஆம் மரத்தின் உச்சியிலிருந்து ஆவுடை வாக்கி-டாக்கியில் கத்தினார்: "ஏட்டி மலரு, மொட்டு வச்சிருக்கு! இந்த வருசம் காய்ச்சிரும் போலுக்கே!"

  எட்டு வருடம் காத்திருந்தவர்.


19 மார்ச் 2091, மாலை 4:05
வாரியத்தின் முடிவு

வெப்பம் 27. ஈரப்பதம் 74.

மர வகைப்பாட்டு வாரியத் தலைவர் குற்றாலிங்கம் அடிவாரக் கட்டுப்பாட்டு அறைக்கு வந்திருக்கிறான். கல்லூரியில் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். வானொலியில் கூப்பிட்டான்.

"தவமலர், வாரியம் முடிவு பண்ணிட்டு. ரெண்டு கொங்கும் ஒரே இனம்தான். மரபணு நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு ஒத்துப்போகுது. ஒண்ணு வெயில்ல வளந்தது, ஒண்ணு நிழல்ல வளந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்."

பிசினைப் பற்றிக் கேட்டேன். காயின் இறக்கையைப் பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் மேல்தோற்றம்" என்றான்.

கணக்கு எளிது. எண்பது லட்சத்தோடு 312ஐக் கூட்டினால் அந்த இனத்துக்கு ஆபத்து ஏது? ஆபத்தில்லாத மரத்தை வெட்டலாம். நெடுமரம் நிறுவனத்துக்கு அனுமதி கொடுத்தாகிவிட்டது.

எதற்கு என்பதும் தெரியும். கடல் ஊருக்குள் வந்துவிட்ட தருவைக்கரையில் வெண்கொங்குத் தடிகளை நெருக்கி நட்டு மதில் கட்டியிருக்கிறார்கள். அந்த மதிலுக்குப் பின்னால் நாற்பதாயிரம் பேர் குடியிருக்கிறார்கள். மதிலின் மதகுக் கதவுகள் மட்டும் அடிக்கடி அரித்துப்போகின்றன. கருங்கொங்கைக் கடல்புழு தொடாது. ஆகவே கதவுகளுக்குக் கருங்கொங்கு வேண்டும். உருக்கில் செய்யலாம். செலவு கூடுதல் என்பதால் செய்யவில்லை.

குற்றாலிங்கம் போன பிறகு அடிவார வானொலியை இயக்கும் அந்தோணியம்மாள் தனியாகக் கூப்பிட்டாள். தருவைக்கரைக்காரி. நாங்கள் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை. பதினோரு வருடமாக அரிசி, மருந்து, மழைச் செய்தி எல்லாம் அவள் குரல் வழியாகத்தான் வருகின்றன.

"எக்கா, மனசு கஷ்டமா இருக்கா? எங்க ஊருக்குத்தான் போகுதுன்னு நெனச்சுக்கிடுங்க. எம் புள்ளையெல்லாம் அந்தக் கதவுக்குப் பின்னாலதான் தூங்குது."

அவளிடம் கோபப்பட முடியவில்லை.


2 ஏப்ரல் 2091

காலை 9:38. வெட்டுயந்திரங்கள் சொன்ன தேதிக்கு முன்பே வந்துவிட்டன. நான்கு. சிலந்தி போல ஒவ்வொன்றுக்கும் எட்டுக் கால். ஓட்டுகிறவர்கள் அடிவாரத்தில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆவுடை 47ஆம் மரத்தின் உச்சியில் இருக்கிறார். ஒட்டுக்கட்டுவதற்குக் கிளைநுனி எடுக்க ஏறினார்.

9:41. ஆவுடை: "மலரு, கீழ என்னமோ சத்தம் கேக்கு. பாரு."

9:42. அடிவாரத்தை அழைத்தேன். 47இல் ஆள் இருக்கிறார், நிறுத்துங்கள் என்றேன்.

9:43. அந்தோணியம்மாள்: "சொல்லிட்டேன் அக்கா. தலைவர் ஐயா பக்கத்துலதான் நிக்காவ. நிறுத்தச் சொல்லுதேன்னு சொல்லிட்டாவ. பயப்படாதிய."

9:45. நிற்கவில்லை. மறுபடி அழைத்தேன்.

9:45. அந்தோணியம்மாள்: "மறுபடியும் சொல்லிட்டேன். இந்தா, இந்தா, நிப்பாட்டிருவாவ."

9:46. ஆவுடை: "ஏட்டி, மரம் ஆடுது."

9:46.


23 ஏப்ரல் 2091, பகல் 11:00

வெப்பம் பார்க்கவில்லை.

ஆவுடையை ஆற்றங்கரையில் எரித்தோம். விசாரணை நடந்தது. யந்திரத்துக்கு உடல்சூட்டைப் பார்க்கும் கண் ஒன்று உண்டு. குரங்குகளைக் கண்டு அடிக்கடி நின்றுவிடுகிறது என்று அந்தக் கண்ணை அணைத்து வைத்திருந்தார்கள். அன்று அமைச்சர் ஒருவர் கட்டுப்பாட்டு அறைக்கு வந்திருந்தார். முதல் மரம் விழுவதை அவருக்குத் திரையில் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

குற்றாலிங்கம் சொன்னது: "கோபுரத்திலிருந்து வந்த தகவல் தெளிவாகக் கேட்கவில்லை."

அந்தோணியம்மாளைக் கேட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவளை நேரில் பார்த்தது அன்றுதான். சின்ன உருவம், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. வாயைத் திறக்கவில்லை. வேலை போனால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள்.

விசாரணை முடிந்தது. தவறு யார் பேரிலும் இல்லை.

கோபுரத்தைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. நான் மேலே ஏறி வந்து ஏணியை இழுத்துக்கொண்டேன். கருங்கொங்கு இப்போது 119. கதவுகளுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு யந்திரங்கள் போய்விட்டன. 47இன் அடிமரத்திலிருந்து இன்னும் கறுப்பாக வடிகிறது.


17 மே 2091, பகல் 1:30
நாற்றுச் சோதனை

வெப்பம் 29. ஈரப்பதம் 70. மறுபடி எழுதத் தொடங்கியிருக்கிறேன். கைக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது.

இந்தக் காட்டில் சாம்பல் பூஞ்சை என்று ஒன்று உண்டு. விழுந்து கிடக்கும் வெண்கொங்கை மெல்ல மெல்லத் தின்னும். ஒரு மரத்தைத் தின்று முடிக்கப் பத்து வருடம் எடுத்துக்கொள்ளும் சோம்பேறி. நாற்று நோய்களை ஆராய்வதற்காக வாரியம் கொடுத்த மரபணுத் தையல் கருவி இங்கே இருக்கிறது. என்ன செய்தேன், எப்படிச் செய்தேன் என்பதை எழுதப்போவதில்லை. அது இப்போது சோம்பேறி இல்லை.

இரண்டு இனத்திலும் இருபது இருபது நாற்றுகளில் வைத்தேன்.

வெண்கொங்கு: இருபதும் செத்தன. தண்டை விரலால் அழுத்தினால் திருநீறு மாதிரி உதிர்கிறது.

கருங்கொங்கு: இருபதும் உயிரோடு இருக்கின்றன. காயத்தில் கறுப்புப் பிசின் ஊறி வந்தது. அது பட்ட இடத்தில் பூஞ்சை கருகி நின்றுவிட்டது.

இரண்டும் வேறு வேறு மரங்கள் என்று ஒரு பூஞ்சைக்கு ஒன்பது நாளில் தெரிந்துவிட்டது. குற்றாலிங்கத்துக்கு முப்பது வருடப் படிப்பு போதவில்லை.

இன்று நன்றாகச் சாப்பிட்டேன். ஏப்ரலுக்குப் பிறகு முதல்முறையாக.


11 ஜூன் 2091, காலை 10:15

தென்மேற்குக் காற்று இறங்கிவிட்டது. மலையைத் தாண்டிக் கிழக்கே சமவெளிக்குப் பாய்கிறது. கோபுரத்தின் கைப்பிடியைப் பிடிக்காமல் நிற்க முடியவில்லை.

மகரந்தம் சேகரிக்கும் பறக்கும் பெட்டிகள் ஆறு இருக்கின்றன. ஆறையும் நிரப்பி அனுப்பினேன். வெறும் சாம்பல்நிறத் தூள். காற்றில் கரைந்தபோது கண்ணுக்கே தெரியவில்லை.

எண்பது லட்சம் மரங்கள். குற்றாலிங்கத்துக்கு விருது வாங்கிக்கொடுத்த தோப்பு. அந்தத் தோப்பைக் காட்டித்தான் என் 312ஐ ஒன்றுமில்லாமல் ஆக்கினான். இப்போது அந்தத் தோப்பு இல்லாமல் போகட்டும். அப்புறம் எதோடு எதைக் கூட்டுவான் என்று பார்க்கிறேன்.

அந்த மரங்கள் என்ன தவறு செய்தன என்று கேட்பீர்கள். எனக்கும் அந்தக் கேள்வி வந்தது. கடைசிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் "ஏட்டி, மரம் ஆடுது" என்ற குரல் கேட்டது. விட்டுவிட்டேன்.


3 ஆகஸ்ட் 2091, காலை 8:00

வெப்பம் 22. மழை. ஜூலையில் பாதை சரிந்துவிட்டது. மேலே வரவும் கீழே போகவும் வழி இல்லை. அரிசி இருக்கிறது.

மேகம் விலகியபோது கீழ்ச் சரிவைத் தொலைநோக்கியில் பார்த்தேன். பச்சையே இல்லை. மூன்று மலைச்சரிவுகள் நரைத்துப் போயிருக்கின்றன. காற்றடிக்கும்போது நின்ற வாக்கிலேயே மரங்கள் தூளாகிப் புகைகின்றன. அந்த நரைக்கு நடுவே, என் கோபுரத்தைச் சுற்றி, கறுப்புப் பச்சையாக 119 மரங்கள். ஒன்றில்கூட ஒரு இலை வாடவில்லை.

குற்றாலிங்கத்தின் குரல் அரசு வானொலியில் கேட்டது. பூஞ்சை எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கக் குழு அமைத்திருக்கிறார்களாம். குரல் ஒடுங்கிப்போயிருந்தது. திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டுக் கேட்டேன்.

சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து எழுதுவதானால் இந்தப் பதிவே தேவையில்லை.


14 செப்டம்பர் 2091, பகல் 12:40

அந்தோணியம்மாள் கூப்பிட்டாள். விசாரணைக்குப் பிறகு இப்போதுதான். 

"எக்கா, இருக்கியளா? பேச மாட்டியன்னு தெரியும். கேட்டா மட்டும் போதும். எங்க ஊரு மதில் உதிருது அக்கா. தடியில கைய வச்சா உள்ள போவுது. கடல் பக்கம் ஈரத்துல நிக்கி, அதனால இன்னும் வேகமா அரிக்கி. மதகுக் கதவு மட்டும் அப்படியே நிக்கி. செவரு இல்லாம கதவ வச்சு என்ன செய்ய? ஐப்பசியில பொசல் வந்தா ஊரே போயிரும்."

அறுத்த தடியில் பூஞ்சை வாழாது என்று நினைத்திருந்தேன். காய்ந்த மரத்தில் வாழாது. கடல்நீரில் நனைந்த மரம் காய்வதே இல்லை. நான் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை. சோதித்திருக்க வேண்டும். அவசரம்.

"வேற எங்கயாவது போங்க" என்றேன். ஐந்து மாதத்தில் இன்னொரு மனிதரிடம் நான் பேசிய முதல் வார்த்தை.

"எங்க போவ? மேட்டு ஊர்க்காரன் யாரு எங்களச் சேத்துக்கிடுவான்? நாப்பதாயிரம் சனம். மாமியா படுத்த படுக்கையா கெடக்கா." அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "இது நீங்க செஞ்சதுன்னு எனக்குத் தெரியும் அக்கா. நான் யாருகிட்டயும் சொல்லல. அன்னிக்கும் சொல்லல, இன்னிக்கும் சொல்லல. அன்னிக்குச் சொல்லாததுக்குத்தான் இது கூலின்னா எனக்குக் குடுங்க. புள்ளையளுக்கு வேண்டாம்."

இணைப்பைத் துண்டித்தேன்.

மருந்து எதுவும் என்னிடம் இல்லை. உண்மையிலேயே இல்லை. இருந்திருந்தால் கொடுத்திருப்பேனா என்று மூன்று முறை என்னையே கேட்டுக்கொண்டேன். 


28 செப்டம்பர் 2091, காலை 9:00
அனைத்து அலைவரிசைகளிலும் அனுப்பியது

"சாம்பல் பூஞ்சையை விட்டது நான். பெயர் தவமலர். என்னிடம் பேச வேண்டுமென்றால் முதலில் குற்றாலிங்கம் இரண்டு காரியம் செய்ய வேண்டும். ஒன்று: நான் அனுப்பும் ஒப்பீட்டை அவன் தன் வாயால், எல்லா அலைவரிசையிலும், முழுமையாகப் படிக்க வேண்டும். வெண்கொங்கும் கருங்கொங்கும் இரண்டு இனம் என்று அவன் சொல்ல வேண்டும். இரண்டு: ஏப்ரல் 2ஆம் தேதி என் குரல் தனக்குக் கேட்டது என்று சொல்ல வேண்டும்."

என்ன பேசப்போகிறேன் என்று கேட்டார்கள். சொல்லவில்லை. மருந்து இருக்கிறது என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். நினைக்கட்டும்.

ஒப்பீட்டை எழுத ஒரு வாரம் ஆயிற்று. பட்டை, இலை நரம்பு, பூவின் இதழ், காய், பிசின், பூஞ்சைச் சோதனை, எல்லாம். எழுதியவற்றிலேயே நன்றாக வந்தது இதுதான். ஒரு ஓட்டை இல்லை. ஆவுடை ஏறி எடுத்த ஒவ்வொரு அளவும் அதில் இருக்கிறது.


9 அக்டோபர் 2091, மாலை 5:00

படித்தான்.

காது வலிக்கிற அளவுக்கு ஒலியைக் கூட்டி வைத்துக்கொண்டு கேட்டேன். "வெண்கொங்கின் காய்க்கு இரண்டு இறக்கைகள். கருங்கொங்கின் காய்க்கு இறக்கை இல்லை." ஒவ்வொரு வரியும் அவன் தொண்டையில் முள்ளாக இறங்கியிருக்கும். நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கடைசிப் பகுதி வந்தது. "வெண்கொங்கு நாற்றுகள் அனைத்தும் மடிந்தன. கருங்கொங்கில் காயம்பட்ட இடத்தில் கறுப்புப் பிசின் சுரந்தது. பிசின் பட்ட இடத்தில் பூஞ்சை மேற்கொண்டு..."

நிறுத்தினான்.

இருமினான் என்று நினைத்தேன். அலைவரிசையில் இரைச்சல் மட்டும் ஓடியது. பிறகு, படிக்கிற குரலை விட்டுவிட்டு, கல்லூரி நாள் குரலில் கேட்டான்:

"தவமலர், நீ என்ன எழுதியிருக்கன்னு உனக்குத் தெரியுதா? மதகுக் கதவு ஏன் உதிரலன்னு இப்பல்லா தெரியுது. இந்தப் பிசினத் தடியில பூசினா மதில் நிக்கும்."

சிரிப்பு என் வாயிலேயே நின்றுவிட்டது.

எனக்குத் தோன்றவில்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. நாற்றைக் காப்பாற்றியது என்று எழுதினேன். எனக்கு அது சாட்சி. அவன் காதில் அது மருந்தாக விழுந்துவிட்டது. நாடே கேட்டுக்கொண்டிருந்தது.

இரண்டாவது காரியத்தை அவன் செய்யவில்லை. யாரும் அவனைக் கேட்கவும் இல்லை. அதற்குள் எல்லோரும் கணக்குப் போடத் தொடங்கிவிட்டார்கள்: ஒரு மைல் மதிலுக்கு எத்தனை தகர டப்பா பிசின், ஒரு மரத்துக்கு எவ்வளவு ஊறும்.

நானும் போட்டேன். மதில் முழுவதற்கும் வேண்டுமென்றால் 119 மரத்தையும் ஒட்ட வடிக்க வேண்டும்.


18 அக்டோபர் 2091, பகல் 3:20

வந்துவிட்டார்கள். சரிந்த பாதையைக் கையாலேயே வெட்டித் திறந்திருக்கிறார்கள். யந்திரம் ஏறாது, ஆகவே ஆட்கள். முந்நூறு பேருக்கு மேல். முக்கால்வாசி பெண்கள். எண்ணெய்த் தகரம், குடம், பால் கேன். ஒருத்தி முதுகில் குழந்தை. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அட்டைக்கடியோடு நிற்கிறார்கள்.

எதிரி வருவான் என்று கோபுரத்துக் கதவுகளைத் தாழிட்டு வைத்திருந்தேன்.

ஒரு ஆள் 12ஆம் மரத்தில் அரிவாளால் சுற்றி வெட்டினான். வளையம் போட்டால் மரம் செத்துவிடும். மேலிருந்து கத்தினேன். கேட்கவில்லை. வானொலியை எடுத்தேன்.

குற்றாலிங்கம் கீழே கோபுரத்தின் காலடியிலேயே நின்றான். அவன் கையிலும் ஒரு வாக்கி-டாக்கி. வயதாகிவிட்டது அவனுக்கு.

குற்றாலிங்கம்: "தவமலர், எறங்கி வா. எங்க வெட்டணும், எவ்வளவு வெட்டணும்னு உனக்குத்தான் தெரியும். இவங்க கண்ண மூடிட்டு வெட்டுனா ஒண்ணுகூட மிஞ்சாது. நீ நின்னு சொன்னா பாதியாவது பொழைக்கும்."

நான்: "நான் கேட்ட ரெண்டாவது?"

குற்றாலிங்கம்: "இப்ப அதப் பேசுற நேரமா? பொசல் கெளம்பிட்டு. நாப்பதாயிரம் உசுரு."

நான்: "நாப்பத்தேழாவது மரத்துல ஒரு உசுரு. கேட்டுதா, கேக்கலியா?"

குற்றாலிங்கம்: "எத்தன தடவ சொல்ல? அன்னிக்குச் சத்தம் தெளிவா கேக்கல."

இன்னொரு குரல் குறுக்கே வந்தது. அவன் கையிலிருந்த கருவியைப் பிடுங்கியிருக்கிறாள்.

அந்தோணியம்மாள்: "கேட்டுது அக்கா. ரெண்டு தடவ சொன்னேன். மொதத் தடவ 'சரி சரி, சொல்லுதேன்'னாவ. ரெண்டாந் தடவ 'அமைச்சர் பாத்துட்டு இருக்காரு, இந்த ஒரு மரம் முடியட்டும்'னாவ. எம் புள்ளையள் மேல சத்தியம். இத்தன சனத்துக்கு முன்னால சொல்லுதேன். வேல போனா போவட்டும்."

முந்நூறு பேரும் குற்றாலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் மறுக்கவில்லை. தகரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இந்த ஒரு மரம் முடியட்டும்.

அந்தோணியம்மாள்: "எக்கா, அவிய செஞ்சதுக்கு என்ன வேணாலும் செய்யுங்க. நான் நடுவுல வர மாட்டேன். எங்களுக்கு மட்டும் எறங்கி வாங்க."


18 அக்டோபர் 2091, மாலை 5:45

இறங்கினேன். ஆறு மாதத்துக்குப் பிறகு கால் மண்ணில் பட்டது. நிற்கவே தடுமாறியது. அந்தோணியம்மாள் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது. 

12ஆம் மரம் பிழைக்காது. அதை முழுதாக வடித்துக்கொள்ளச் சொன்னேன். மற்றவற்றுக்கு வழி காட்டினேன்: கிழக்குப் பக்கம் மட்டும், பட்டையில் விரல் ஆழம், சாய்வாக. பெண்களுக்குச் சீக்கிரம் பிடிபட்டது. மரத்தைச் சுற்றி வெட்ட வந்த ஒருவனை அவர்களே அதட்டி விரட்டினார்கள்.

இப்படி எடுத்தால் மதிலின் கடல் பக்கத்துக்கு மட்டும் போதும். அது நின்றால் இந்த வருடம் ஊர் தப்பும். மரங்களில் எழுபது தப்பலாம். அறுபது என்று வைத்துக்கொள்ளுங்கள். 312இல் அறுபது. இதில் என் பங்கு எவ்வளவு, அவன் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தேன். என் பங்கை நான் சுமந்துகொள்கிறேன். யாரிடமும் இறக்கி வைக்கப்போவதில்லை.


20 அக்டோபர் 2091, காலை 6:30
கடைசிப் பதிவு

வெப்பம் 21. ஈரப்பதம் 94. கிழக்கே வானம் செம்பு நிறம். புயல் இரண்டு நாளில் கரையைத் தொடும் என்கிறார்கள்.

தகரங்களில் பெரும்பகுதி கீழே போய்விட்டது. அந்தோணியம்மாள் முதல் கூட்டத்தோடு இறங்கிவிட்டாள். தருவைக்கரையில் நேற்றே பூசத் தொடங்கிவிட்டார்களாம். பூசிய தடியில் பூஞ்சை நின்றுவிட்டது என்று காலையில் வானொலியில் கூப்பிட்டுச் சொன்னாள். சொல்லும்போது அழுதாள். பின்னால் பிள்ளைகள் சத்தம் கேட்டது.

இன்னும் ஒன்பது மரங்கள் பாக்கி. மிஞ்சியிருப்பவர்களை மதியத்துக்குள் இறங்கச் சொல்லிவிட்டேன். மழை வந்தால் பாதை மறுபடி சரியும். கடைசி மரத்துக்கு எனக்கு ஒரு ஆள் போதும், தகரத்தைப் பிடித்துக்கொள்ள.

குற்றாலிங்கத்தை என்னோடு தங்கச் சொல்லிக் கேட்டேன். அவன் இதை எதிர்பார்க்கவில்லை. கண் கலங்கிவிட்டது. "நீ என்ன மன்னிக்கணும்னு கேக்க எனக்கு வாய் இல்ல" என்றான். "வா, வேலையை முடிப்போம்" என்று மட்டும் சொன்னேன். தலையாட்டினான். இரண்டு நாளாக என் பக்கத்திலேயே நின்று தகரம் பிடிக்கிறான். கை நடுங்குவதில்லை. நல்ல வேலைக்காரன்தான், கல்லூரியிலும் அப்படித்தான்.

இதைப் படிப்பவருக்கு: ஒப்பீடு முழுவதும் கோபுரத்தின் நினைவகத்தில் இருக்கிறது. ஒட்டுக்கட்டிய கருங்கொங்கு நாற்றுகள் இருபதும் வடக்கு அறையில், வாரம் இருமுறை தண்ணீர். பூஞ்சையின் மூலத்தைக் கொதிக்கவைத்து அழித்துவிட்டேன். இன்னொருவருக்கு அது வேண்டாம்.

பாக்கி ஒன்பதில் ஒரு மரம் அருவி விளிம்பில் நிற்கிறது. பாறை வழுக்கும். கீழே நூற்றைம்பது அடி. இரண்டு பேர் நிற்க மட்டும்தான் அங்கே இடம்.

அதைக் கடைசியாக வைத்திருக்கிறேன்.